மின்காந்தப் புலமும் மருத்துவமும்: மெய்ப்பிப்பு முறையின் வரலாறு

முன்னுரை

காந்தத்திற்கும் மின்னாற்றலுக்கும் நோய் தீர்க்கும் வன்மை உண்டு என்னும் கருத்து மிகப் பழைமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத் தலைவலிக்கும் மூட்டுவாத நோய்க்கும் உயிருள்ள மின்திருக்கை மீனை உடலோடு சேர்த்து வைக்குமாறு பரிந்துரைத்துள்ளார். உடலில் தைத்த இரும்பு முனையை வெளியேற்ற அயக்காந்தத்தைப் பயன்படுத்தும் முறை சுசுருத சம்கிதையில் கூறப்பட்டுள்ளது. சித்த மருத்துவத்தில் காந்தச் செந்தூரம் இன்றும் வழங்கி வருகிறது. ஆயினும் இவை மூன்றும் ஒரே தன்மையன அல்ல. முதலாவதில் மின்னோட்டம் உடலில் பாய்கிறது. இரண்டாவதில் காந்தம் இரும்பை ஈர்க்கிறது. மூன்றாவதில் இரும்புப் பொருள் மருந்தாக உட்கொள்ளப்படுகிறது. அங்குக் காந்தப் புலத்திற்கு இடமில்லை.

புலம் என்பது கண்ணுக்குப் புலனாகாதது, தொடாமலே செயற்படுவது. எனவே, அதனால் நன்மை விளைந்தது என்று ஒருவர் கூறினாலும், தீமை விளைந்தது என்று மற்றொருவர் கூறினாலும், அக்கூற்றைச் சரிபார்ப்பது எளிதன்று. புலம் செய்த வேலை எது, நோயாளியின் எதிர்பார்ப்பு செய்த வேலை எது என்று பிரித்தறிய ஒரு முறை தேவைப்பட்டது. அம்முறை எவ்வாறு உருவாயிற்று என்பதையும், மின்காந்தப் புலத்தின் மருத்துவப் பயன்களும் தீங்கு பற்றிய ஐயங்களும் அம்முறையின் முன் எவ்வாறு நின்றன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெஸ்மரும் 1784ஆம் ஆண்டு ஆய்வுக்குழுவும்

வியன்னா மருத்துவராகிய பிரான்ஸ் அன்டன் மெஸ்மர் 1774இல் காந்தத் துண்டுகளைக் கொண்டு நோயாளிகளுக்கு மருத்துவம் செய்யத் தொடங்கினார். விரைவில், காந்தத் துண்டு இல்லாமலே தம் கைகளின் வழியாக அதே விளைவைத் தோற்றுவிக்க முடியும் என்று கருதினார். உயிர்களிடத்தே பாயும் ஒரு நுண்பாய்மம் உண்டு என்று கூறி, அதற்கு 'விலங்குக் காந்தம்' என்று பெயரிட்டார். 1778இல் பாரிசு நகருக்குச் சென்ற அவருக்கு அங்குப் பெரும் புகழ் உண்டாயிற்று.

1784இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி இதனை ஆராய ஒரு குழுவை அமைத்தார். பெஞ்சமின் பிராங்கிளின், வேதியியலறிஞர் லவாய்சியர், வானியலறிஞர் பெய்லி, மருத்துவர் கில்லட்டின் ஆகியோர் அக்குழுவில் இடம்பெற்றிருந்தனர். மெஸ்மரின் மாணவராகிய தெலோன் செய்முறைகளை நடத்திக் காட்டினார். பாசி என்னும் ஊரில் பிராங்கிளின் இல்லத் தோட்டத்தில் நடந்த சோதனை குறிப்பிடத்தக்கது. தெலோன் ஒரு மரத்திற்கு மட்டும் காந்த ஆற்றல் ஊட்டினார். அவ்வாற்றலை உணரக்கூடியவன் என்று அவரே தேர்ந்தெடுத்த பன்னிரண்டு வயதுச் சிறுவன், கண்கள் கட்டப்பட்ட நிலையில், ஆற்றல் ஊட்டப்படாத மரங்களிடம் ஒவ்வொன்றாக அழைத்துச் செல்லப்பட்டான். நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். ஆற்றல் ஊட்டப்பட்ட மரத்தை அவன் நெருங்கவே இல்லை.

எல்லா மரங்களுக்கும் இயல்பாகவே காந்தத் தன்மை உண்டு என்று தெலோன் விளக்கம் தந்தார். அவ்வாறாயின், உணர்வு மிக்க எவரும் தோட்டத்தில் நடமாடவே இயலாது என்று குழுவினர் மறுத்தனர். மயக்கமும் நடுக்கமும் உண்மையானவை. அவற்றைத் தோற்றுவித்தது கற்பனையே என்பது குழுவின் முடிவு. நோயாளி பொய் கூறுகிறார் என்று குழு கூறவில்லை என்பது கருதத்தக்கது. உணர்வு உண்மையாக இருந்தும் அதற்குக் கூறப்படும் காரணம் பொய்யாக இருக்கக்கூடும் என்னும் உண்மையை அது நிலைநாட்டியது.

மரக்கோல்கள் கற்பித்த பாடம்

1791இல் இத்தாலியரான லூயிஜி கால்வானி, உலோகத் தொடர்பினால் தவளையின் தசை துடிப்பதைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். நரம்புக்கும் மின்னாற்றலுக்கும் உள்ள தொடர்பை உலகறியச் செய்த ஆய்வு அது. அதன் புகழைத் துணையாகக் கொண்டு, அமெரிக்க மருத்துவர் எலிசா பெர்கின்ஸ் என்பவர், வலியுள்ள இடத்தில் இழுத்துத் தடவுவதற்கென இரண்டு சிறிய உலோகக் கோல்களைச் செய்து 1796இல் காப்புரிமை பெற்றார். அவருடைய மகன் அக்கோல்களை இலண்டனில் இணை ஒன்று ஐந்து கினி என்னும் உயர்ந்த விலைக்கு விற்றார்.

இங்கிலாந்தின் பாத் நகர மருத்துவர் ஜான் ஹேகார்த் 1799இல் உலோகம் போலத் தோன்றுமாறு வண்ணம் பூசிய மரக்கோல்களைச் செய்தார். நாட்பட்ட வாதநோயுற்ற ஐவரின் உடலில் அவை இழுக்கப்பட்டன. நால்வர் வலி குறைந்ததாகக் கூறினர். மறுநாள் உண்மையான உலோகக் கோல்களைக் கொண்டு செய்தபோதும் விளைவு அதுவே. மரத்துக்கும் உலோகத்துக்கும் வேறுபாடு இல்லையெனில் குணம் உலோகத்தில் இல்லை என்பது வெளிப்படை. மருத்துவத்தில் போலிக் கருவியைக் கொண்டு உண்மைக் கருவியை அளக்கும் முறை இவ்வாறு தெளிவான வடிவம் பெற்றது.

மாறாப் புலமும் மாறும் புலமும்

மின்னோட்டம் காந்தப் புலத்தைத் தோற்றுவிக்கும் என்பதை 1820இல் ஓர்ஸ்டெட் கண்டார். மாறும் காந்தப் புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை 1831இல் மைக்கேல் பாரடே கண்டார். இவ்விரண்டாவது கண்டுபிடிப்பின் மருத்துவ முதன்மை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே விளங்கியது.

1892இல் பீட்டர்சன், கென்னல்லி என்னும் இருவர் எடிசனின் ஆய்வகத்தில் இருந்த ஆற்றல் மிக்க மின்காந்தங்களுக்கிடையே ஒரு நாயையும், பின்னர் ஒரு சிறுவனையும் இருக்கச் செய்தனர். காந்தம் இயக்கப்பட்டதா நிறுத்தப்பட்டதா என்பதை உள்ளிருந்தவரால் உணர்ந்து கூற இயலவில்லை. மாறாத காந்தப் புலம் மனித உடலில் உணரத்தக்க விளைவு எதையும் உண்டாக்கவில்லை என்று அவர்கள் முடிவு செய்தனர்.

ஆனால் 1896இல் பாரிசு நகரின் அறிஞர் தார்சோன்வால், மாறுமின்னோட்டம் பாயும் பெரிய கம்பிச் சுருளுக்குள் தலையை வைத்தவர்க்குக் கண்ணில் ஒளிப்பொறிகள் தோன்றுவதாகவும் தலைச்சுற்றல் ஏற்படுவதாகவும் அறிவித்தார். 1910இல் ஆங்கில அறிஞர் சில்வேனஸ் தாம்சனும் இதனைக் கண்டார். இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. மாறாத புலம் அசைவற்ற உடலில் மின்னோட்டத்தைத் தூண்டுவதில்லை. மாறும் புலம் பாரடே விதிப்படி தூண்டுகிறது. அத்தூண்டலால் கண்ணின் விழித்திரை கிளர்ச்சியுறுகிறது. மெஸ்மரின் கூற்றுக்கு இல்லாத தகுதி இந்த ஒளிப்பொறிக்கு உண்டு: காரணம் முன்னரே அறியப்பட்ட விதியில் அடங்கியிருந்தது, விளைவும் புலத்தின் வலிமைக்கேற்பக் கூடிக் குறைந்தது.

வெப்பத்தின் வழி

தார்சோன்வாலின் மற்றொரு கண்டுபிடிப்பு வேறு திசையில் வளர்ந்தது. மின்னோட்டத்தின் அதிர்வெண் நொடிக்குச் சில ஆயிரம் சுற்றுகளைக் கடந்து உயர உயர, தசையைத் துடிக்கச் செய்யும் தன்மை குறைந்து மறைகிறது என்று அவர் காட்டினார். இருவரின் உடல்வழியே பாயும் உயர் அதிர்வெண் மின்னோட்டம் அவர்களுக்கிடையே உள்ள விளக்கை எரியச் செய்தும் அவர்களுக்கு அதிர்ச்சி ஏற்படவில்லை. அவர்கள் உணர்ந்தது சூடு மட்டுமே. இவ்வெப்பத்தையே மருந்தாகக் கொள்ளும் முறையை 1907இல் செருமானிய மருத்துவர் நாகல்ஷ்மிட் செய்து காட்டினார். 'ஊடுருவும் வெப்பம்' என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அது டயாதெர்மி எனப்பட்டது. இயன்முறை மருத்துவத்தில் இன்றும் வழங்கும் சிற்றலைக் கருவிகள் பெரும்பாலும் 27.12 மெகாஹெர்ட்சு அதிர்வெண்ணில் இயங்குகின்றன.

அதே வெப்பத்தை ஒரு முனையில் குவித்தால் அது கத்தியாகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1926 அக்டோபர் 1 அன்று நரம்பு அறுவை வல்லுநர் ஹார்வி குஷிங், இயற்பியலறிஞர் போவி அமைத்த கருவியைக் கொண்டு, குருதிப்பெருக்கு மிகுந்ததால் சில நாட்களுக்கு முன் கைவிடப்பட்ட தலைக் கட்டி ஒன்றை அகற்றினார். குருதி உறைவதும் திசு அறுபடுவதும் அறுவை மேசையிலேயே கண்ணால் காணத்தக்கவை. அங்குப் போலிக் கருவிக்குத் தேவை எழவில்லை.

இதே காலத்தில் மறுபக்கமும் வளர்ந்தது. சான் பிரான்சிஸ்கோ மருத்துவர் ஆல்பர்ட் ஏப்ரம்ஸ், ஒருதுளிக் குருதியின் 'அதிர்வுகளை' அளந்து நோயறியலாம் என்றும், அதற்கு ஏற்ற அதிர்வைச் செலுத்தி நோய் தீர்க்கலாம் என்றும் கூறிக் கருவிகளை வாடகைக்கு விட்டார். பெற்றவர்கள் அவற்றைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழ் 1923, 1924 ஆண்டுகளில் நடத்திய ஆய்வில் அவர் முறைக்கு எவ்வித அடிப்படையும் இல்லை என்று தெரியவந்தது. வானொலி மக்களுக்குப் புதுமையாக இருந்த காலத்தில் 'அதிர்வு' என்னும் சொல்லே நம்பிக்கை ஊட்டப் போதுமானதாக இருந்தது.

எலும்பும் மூளையும்: ஷெபீல்டு ஆய்வுகள்

எலும்பு அழுத்தத்திற்கு உட்படும்போது மின்னழுத்தம் தோன்றுகிறது என்பதை 1957இல் சப்பானிய அறிஞர்கள் புகாடா, யசுதா இருவரும் வெளியிட்டனர். எலும்பு வளர்ச்சிக்கு மின்னாற்றலே குறிகாட்டி என்றால், புறத்தேயிருந்து அதனைத் தரலாம் என்னும் எண்ணம் எழுந்தது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பாசெட் துடிப்பு மின்காந்தப் புலத்தைப் பயன்படுத்தினார். ஒன்றுசேராத எலும்பு முறிவுகளுக்கு அக்கருவியைப் பயன்படுத்த 1979இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஒப்புதல் தந்தது. பலர் குணமடைந்தனர். ஆனால் கருவியோடு மாவுக்கட்டும் நெடுநாள் ஓய்வும் சேர்ந்தே விதிக்கப்பட்டன. குணம் எதனால் வந்தது என்னும் வினா எஞ்சி நின்றது.

இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் உடனாய்வாளரும் இவ்வினாவை எடுத்துக்கொண்டனர். கால் எலும்பு ஒன்றுசேராத பதினாறு நோயாளிகளில் ஒன்பதின்மருக்கு இயங்கும் கருவியும் எழுவருக்கு இயங்காத போலிக் கருவியும் தரப்பட்டன. எது எவரிடம் உள்ளது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவர்க்கும் தெரியாது. 1984இல் வெளியிடப்பட்ட இடைக்கால முடிவின்படி, இயங்கும் கருவி பெற்ற ஒன்பதின்மருள் ஐவருக்கும், போலிக் கருவி பெற்ற எழுவருள் ஐவருக்கும் எலும்பு ஒன்றுசேர்ந்தது. எண்ணிக்கை சிறிதாகையால் கருவி பயனற்றது என்று இதனைக் கொண்டு உறுதி கூற இயலாது; பயனுடையது என்றும் கூற இயலாது. 2011இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, நெறிமுறைப்படி நடந்த நான்கு ஆய்வுகளைத் தொகுத்து, பயன் இருக்கக்கூடும், ஆயினும் சான்று முடிவானதன்று என்றே கூறியது.

காந்தப் புலத்தின் வாக்குறுதியை ஐயுற்ற அதே பார்க்கர், மறு ஆண்டே அதன் ஐயமற்ற விளைவு ஒன்றை உலகுக்குக் காட்டினார் என்பது இவ்வரலாற்றின் சுவைமிக்க பகுதியாகும். 1985இல் தலையின்மீது வைக்கப்பட்ட கம்பிச் சுருளில் மிகக் குறுகிய நேரம் பெருமின்னோட்டத்தைச் செலுத்தி, எதிர்ப்பக்கக் கையின் தசைகளை அசையச் செய்தார். தோலில் மின்வாய்களை வைத்து இதே விளைவை 1980இல் மெர்ட்டனும் மார்ட்டனும் பெற்றிருந்தனர். ஆனால் அம்முறை வலி மிகுந்தது. காந்தப் புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து மூளையில் மின்னோட்டத்தைத் தூண்டியதால் வலி பெரிதும் தவிர்க்கப்பட்டது. தார்சோன்வால் கண்ட ஒளிப்பொறியின் விதியே இங்கும் செயற்பட்டது.

இம்முறை பின்னர் மனச்சோர்வு நோய்க்குப் பயன்படுத்தப்பட்டு, 2008இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மனச்சோர்வில் எதிர்பார்ப்பின் பங்கு மிகப் பெரிது. எனவே 2010இல் வெளியிடப்பட்ட, 190 நோயாளிகள் பங்குபெற்ற ஆய்வில், போலிச் சுருள் தலையில் உண்மைச் சுருளைப் போன்ற உணர்வைத் தருமாறு அமைக்கப்பட்டிருந்தது. உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 14.1 விழுக்காட்டினரும், போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 5.1 விழுக்காட்டினரும் நோய் நீங்கிய நிலையை அடைந்தனர். பயன் மெய்ப்பிக்கப்பட்டது, அதன் அளவும் வரையறுக்கப்பட்டது. ஹேகார்த்தின் மரக்கோல் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் தன் பணியைச் செய்தது எனலாம்.

போலிக் கருவி இல்லாமலே ஏற்கப்பட்ட முறையும் உண்டு. மூளைப் புற்றுக்கட்டியின் ஒருவகைக்கு 200 கிலோஹெர்ட்சு மாறுமின்புலத்தைப் பயன்படுத்தும் கருவி 2011இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. 695 நோயாளிகளைக் கொண்ட ஆய்வின் இறுதி முடிவு 2017இல் வெளிவந்தது. மருந்தோடு கருவியையும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 20.9 மாதம், மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 16.0 மாதம். ஒப்பீட்டுக் குழுவினர்க்குப் போலிக் கருவி தரப்படாமையைச் சிலர் குறைகூறினர். வலியையும் மனநிலையையும் போல வாழ்நாள் எதிர்பார்ப்பினால் எளிதில் மாறுவதன்று என்பது மறுமொழி. இரு தரப்பிலும் நியாயம் உண்டு.

காந்த ஒத்ததிர்வுப் படிமம்

மின்காந்தப் புலத்தின் தலையாய மருத்துவப் பயன் நோய் தீர்ப்பதில் அன்றி, நோயறிவதிலேயே அமைந்தது. அணுக்கருவின் காந்த ஒத்ததிர்வை 1946இல் பிளாக், பர்செல் இருவரும் திண்ம, நீர்மப் பொருள்களில் தனித்தனியே கண்டனர். கட்டித் திசுவின் ஒத்ததிர்வு இயல்பான திசுவினின்று வேறுபடுவதை 1971இல் ரேமண்ட் டமாடியன் எலியின் திசுக்களில் காட்டினார். இடத்திற்கு இடம் வலிமை மாறும் காந்தப் புலத்தைச் சேர்த்துப் படிமம் உருவாக்கலாம் என்பதை 1973இல் பால் லாட்டர்பர் வெளியிட்டார். பீட்டர் மான்ஸ்பீல்டு படிமத்தை விரைந்து பெறும் கணக்கியல் முறைகளை வகுத்தார். பின்னிருவர்க்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. டமாடியன் விடுபட்டது பெரும் வாதத்திற்கு உள்ளாயிற்று. 'அணுக்கரு' என்னும் சொல் நோயாளிகளை அஞ்சச் செய்தமையால் அது இம்முறையின் பெயரிலிருந்து நீக்கப்பட்டது என்பது, சொல்லுக்கும் அச்சத்திற்கும் உள்ள உறவைக் காட்டுகிறது.

மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா கருவியின் புலம் பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. 1892இல் எடிசன் ஆய்வகத்தில் பெற்ற முடிவு இங்குக் கோடிக்கணக்கான மனிதரிடம் உறுதிப்பட்டது. நேரும் தீங்குகள் அறியப்பட்ட காரணங்களால் வருவனவே: இரும்புப் பொருள் பாய்ந்து தாக்குதல், உடலுள் பொருத்திய கருவி பழுதுறுதல், வானொலி அலையால் திசு சூடாதல், விரைந்து மாறும் புலத்தால் நரம்பு கிளர்ச்சியுறுதல் ஆகியவை.

தீங்கு பற்றிய ஐயம்

நன்மைக்குச் சான்று கேட்பவர் தீமைக்கும் சான்று கேட்க வேண்டும். ஆனால் தீமையை ஆராய்வதில் ஒரு தடை உண்டு: மக்களை அறிந்தே தீங்குக்கு உட்படுத்திப் போலிக் கருவியோடு ஒப்பிட இயலாது.

1953இல் அமெரிக்க அறிஞர் ஹெர்மன் ஷ்வான், உடல் தாங்கும் வெப்பத்தைக் கணக்கிட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட்டு என்னும் நுண்ணலை வரம்பை முன்மொழிந்தார். சோவியத் நாடோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்காகிய 10 மைக்ரோவாட்டை வரம்பாகக் கொண்டது. வெப்பமே விளைவு என்பது முதல் கொள்கை. வெப்பமன்றிப் பிற விளைவுகளும் உண்டு என்பது இரண்டாவது. மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின்மீது பல ஆண்டுகள் வலிகுறைந்த நுண்ணலை செலுத்தப்பட்டது தெரியவந்தபோது இவ்வேறுபாடு அரசியல் சிக்கலாயிற்று. அங்குப் பணியாற்றியவர்களைப் பற்றி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1978இல் நிறைவேற்றிய ஆய்வு, நுண்ணலையால் தீங்கு நேர்ந்ததற்கு ஏற்கத்தக்க சான்று காணவில்லை.

1979இல் வெர்தைமர், லீப்பர் இருவரும் டென்வர் நகரில், மிகுந்த மின்னோட்டம் தாங்கும் கம்பிகளுக்கு அருகில் வாழ்ந்த குழந்தைகளிடம் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது என்று வெளியிட்டனர். அவர்கள் புலத்தை நேரே அளக்கவில்லை. கம்பிகளின் அமைப்பைக் கொண்டு மதிப்பிட்டனர். 2000ஆம் ஆண்டு அல்பாம் முதலியோர் ஒன்பது ஆய்வுகளில் இருந்து 3,247 குருதிப் புற்றுநோய்க் குழந்தைகளின் தரவுகளைத் தொகுத்தனர். 0.4 மைக்ரோடெஸ்லாவுக்குக் குறைந்த புலத்தில் வாழ்ந்த பெரும்பாலோரிடம் இடர் மிகவில்லை. அதற்கு மேற்பட்ட புலத்தில் வாழ்ந்த, நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவான குழந்தைகளிடம் இடர் ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றியது. விலங்காய்வுகள் இதனை உறுதிப்படுத்தவில்லை. விளக்கும் காரணமும் கிட்டவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2001இல் இப்புலத்தைப் 'புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாக இருக்கலாம்' என்னும் வகையில் சேர்த்தது. 2011இல் வானொலி அதிர்வெண் புலமும் அவ்வகையில் சேர்க்கப்பட்டது. இச்சொற்றொடர் ஐயத்தின் அளவைக் குறிப்பதே அன்றி ஆபத்தின் அளவைக் குறிப்பதன்று.

ஒரு கிகாஹெர்ட்சு அலையின் ஒளித்துகள் ஆற்றல் ஏறத்தாழ 4 மைக்ரோ எலெக்ட்ரான் வோல்ட்டு. வேதிப் பிணைப்பை உடைக்கச் சில எலெக்ட்ரான் வோல்ட்டு வேண்டும். ஆகவே ஊடுகதிர் செய்வதுபோல் இவ்வலை மரபணுப் பொருளை நேரே உடைக்க இயலாது. உலக நலவாழ்வு அமைப்பின் வேண்டுகோளின்படி செய்யப்பட்டு 2024இல் வெளிவந்த தொகுப்பாய்வு, கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. இந்தியாவில் கோபுரங்களின் கதிர்வீச்சு வரம்பு பன்னாட்டு அளவில் பத்தில் ஒரு பங்காகவும், கைப்பேசியின் உட்கவர்வு வரம்பு கிலோகிராமுக்கு 1.6 வாட்டாகவும் 2012 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இது முன்னெச்சரிக்கை நோக்கில் எடுத்த முடிவு. தீங்கு மெய்ப்பிக்கப்பட்டதற்கு அடையாளமன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. மின்காந்தப் புலம் உடலில் விளைவு உண்டாக்கும் வழிகளில் ஐயமின்றி நிறுவப்பட்டவை முதன்மையாக இரண்டு: குறைந்த அதிர்வெண்ணில் நரம்பையும் தசையையும் தூண்டுதல், உயர் அதிர்வெண்ணில் திசுவைச் சூடாக்குதல். இவ்வழிகளில் எழுந்த பயன்கள் நிலைத்தன. விளைவு கண்ணுக்கு நேரே தெரியும் இடத்தில் மெய்ப்பித்தல் எளிதாக இருந்தது. வலி, மனநிலை, மெல்ல ஆறும் எலும்பு ஆகியவற்றில் போலிக் கருவியோடு ஒப்பிட்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது. சிலவிடங்களில் இன்னும் முழுமையாக வெளிப்படவில்லை.

காந்த மெத்தை, காந்தக் காப்பு, கதிர்வீச்சுத் தடுப்பு வில்லை எனப் பலவும் சந்தையில் விற்கப்படும் இந்நாளில், வாங்குவோர் கேட்க வேண்டிய வினா பாசித் தோட்டத்தில் கேட்கப்பட்டதே ஆகும்: கண்ணைக் கட்டிய பின்னும் அம்மரத்தை அடையாளம் காண இயலுமா? அவ்வினாவுக்கு விடை கூறிய மருத்துவமே நோயாளியின் நம்பிக்கைக்கு உரியது.